நைட்ரேட் இறங்கவே மாட்டேன் என்கிறது: உப்புத் தண்ணீர் தொட்டி

6 ஏப்ரல் 2024, கேள்வி

அண்ணா, மூன்றடி தொட்டி, 130 லிட்டர் சொச்சம். இரண்டு கிளவுன், நாலு டேம்சல் மீன். கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய வடிகட்டி) மட்டும்தான், கழிவை நுரையோடு வாரி எடுக்கும் ஸ்கிம்மர் இல்லை. வாரா வாரம் 20 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறேன். ஆனாலும் நைட்ரேட் (மீன் கழிவும் தீவனமும் கடைசியில் ஆவது) டெஸ்ட் செய்தால் ரத்தச் சிவப்பு, 80ஆ 160ஆ என்றே தெரியவில்லை. கடைக்காரர் ஒரு பாக்டீரியா பாட்டில் வாங்கிக்கொள் என்கிறார். என்ன ஊற்றினால் இறங்கும்?

6 ஏப்ரல் 2024, இரவு

எதையும் ஊற்றாதே தம்பி. முதலில் அந்த டெஸ்ட் கிட்டையே சந்தேகப்படு.

சொட்டு மருந்து போல இரண்டு பாட்டில் வரும் கிட் என்றால், இரண்டாம் பாட்டிலின் அடியில் பொடி படிந்திருக்கும். அதை 30 விநாடி, கை வலிக்கக் குலுக்க வேண்டும். சொட்டு விட்ட பிறகு டியூபை ஒரு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும். நான் ஆறு மாதம் குலுக்காமலேயே பார்த்து, 10தான் இருக்கிறது என்று எல்லோரிடமும் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பாட்டில் கை தவறிக் கீழே விழுந்து உருண்டது, எடுத்து அப்படியே டெஸ்ட் செய்தால் அதே தண்ணீர் 80 காட்டியது. விழுந்ததுதான் குலுக்கல்.

உனக்கு இன்னொரு சிக்கல். சிவப்பு முற்றிய பிறகு 80க்கும் 160க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு பங்கு தொட்டித் தண்ணீருக்கு மூன்று பங்கு ஆர்ஓ தண்ணீர் கலந்து அளந்து, வருவதை நாலால் பெருக்கு.

7 ஏப்ரல் 2024

வேறொருவர் கேட்டதற்கு: உங்கள் கிட் 18, நண்பர் கிட் 80, எது சரி என்றால் இரண்டும் சரியாக இருக்கலாம். சில கிட் நைட்ரேட்டை முழுசாகச் சொல்லும், சில அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் சொல்லும். 4.43ஆல் பெருக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். 18ஐப் பெருக்கிப் பாருங்கள். சண்டை தீர்ந்தது.

9 ஏப்ரல் 2024

தம்பி கலந்து அளந்து 40 வந்ததாம், நாலால் பெருக்கினால் 160. பயந்து போய் எழுதியிருக்கிறான். மீன் சாப்பிடுகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பார். சாப்பிடுகிறது என்றால் பதற வேண்டாம். அம்மோனியா மாதிரி இது ஓரிரு நாளில் கொல்லும் விஷம் இல்லை. பெரும்பாலான மீன்கள் பல மாதம் தாங்கும். ஆனால் திடீரென்று பாதித் தண்ணீரை மாற்றி வைத்தியம் பார்க்காதே, உப்பும் சூடும் ஒத்துப்போகாமல் அதில்தான் மீன் சாகும்.

சரி, கணக்குக்கு வருவோம். 20 சதவீதம் மாற்றினால் 160 அன்றைக்கு 128 ஆகும். அடுத்த வாரம் மறுபடி 160 என்றால், ஏழு நாளில் 32 புதிதாகச் சேர்கிறது. நீ எவ்வளவு எடுக்கிறாயோ அதே அளவு உள்ளே வருகிறது, அதனால்தான் முள் அங்கேயே நிற்கிறது. பாக்டீரியா பாட்டில் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது என்று கடைக்காரரிடம் கேள். அதிலிருப்பது பெரும்பாலும் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் கூட்டம். உன் தொட்டியில் அந்தக் கூட்டம் ஏற்கெனவே ஓவர்டைம் பார்க்கிறது.

உள்ளே வருவது எங்கிருந்து? தீவனம்தான். உலர்ந்த தீவனத்தில் பாதி புரதம் என்று வை, புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக ஒரு கிராம் தீவனத்தில் 0.08 கிராம் நைட்ரஜன், அது முழுக்க நைட்ரேட்டானால் 0.35 கிராம். உன் 130 லிட்டரில் ஒரு கிராமுக்கு 2.7 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்). வாரத்துக்கு 32 ஏற வேண்டுமென்றால் 12 கிராம் போட்டிருக்க வேண்டும், நாளைக்கு 1.7 கிராம். ஆறு சின்ன மீனுக்கு இவ்வளவா? எனக்கே நம்பிக்கை இல்லை. தீவனத்தை எடை போட்டுப் பார்த்துச் சொல்.

10 ஏப்ரல் 2024

எடை போடச் சொன்னவன் தானும் போட வேண்டுமல்லவா. பாக்கெட் தராசு 400 ரூபாய்க்குள் கிடைக்கும், 0.01 கிராம் வரை காட்டும். என் கையால் ஒரு சிட்டிகை எடுத்தால் 0.4 கிராம். அம்மாவைக் கூப்பிட்டு, நீங்கள் போடுவதுபோல எடுங்கள் என்றேன். 1.1.

நீங்கள் எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டேன். “நீ ஆபீஸ் போனதும் அதுங்க கண்ணாடிகிட்ட வந்து நிக்குது, பாவமா இருக்கு.”

இரண்டு வருடமாக நான் ஸ்கிம்மரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டு வாழ்த்து. கேனிஸ்டர் ஃபில்டரை ‘நைட்ரேட் ஃபேக்டரி’ என்று சொல்லி, உள்ளே பாக்டீரியா வளரப் போடும் பயோபால் (பிளாஸ்டிக் பந்து), செராமிக் ரிங் எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்கிறார்கள், செய்யலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். இப்போது கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்.

பயோபால் நைட்ரேட்டைத் தானாக உண்டாக்குவதில்லை. மீன் கழிவு எங்கே உட்கார்ந்தாலும் கடைசியில் நைட்ரேட்தான் ஆகும். வித்தியாசம் எங்கே என்றால், துளையுள்ள பாறையின் மேல்தோலில் அது உண்டானால் கொஞ்சம் உள்ளே ஊறும். உள்ளே ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வேறு பாக்டீரியா அதை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விடும். ஆக்சிஜன் ஓடிக்கொண்டே இருக்கும் பிளாஸ்டிக் பந்தில் உண்டானால் நேரே தண்ணீரில் கலந்துவிடும், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய குற்றவாளி ஸ்பாஞ்சில் சிக்கி வாரக்கணக்கில் அழுகும் தீவனம். மாற்றியெடுத்த தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை வாரம் ஒரு முறை அலசு. ரிங்கை ஒரே நாளில் தூக்காதே, அம்மோனியா ஏறிவிடும்.

கேனிஸ்டர் பற்றிப் பேச்சு வந்ததால்: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. பேட்டரி ஏர் பம்பை வைத்து மீனை எப்படியோ காப்பாற்றினேன். கரண்ட் வந்த சந்தோஷத்தில், மூடியே கிடந்த கேனிஸ்டரை அப்படியே ஆன் செய்தேன். அழுகிய முட்டை நாற்றம் ஹால் முழுக்க. மூன்று நாள் உள்ளே வெந்த சரக்கு அத்தனையும் தொட்டியில் கொட்டியது, காலையில் இரண்டு டேம்சல் மிதந்தன. புயலில் பிழைத்தவை என் அவசரத்தில் போயின. நீண்ட கரண்ட் கட்டுக்குப் பிறகு கேனிஸ்டரைத் திறந்து கழுவாமல் ஓட விடாதீர்கள்.

21 ஏப்ரல் 2024

வோட்கா. ஊற்றினால் நைட்ரேட் இறங்குமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன்.

தத்துவம் எளிது. பாக்டீரியா பெருக நைட்ரஜனும் பாஸ்பரஸும் நம் தொட்டியில் கொட்டிக் கிடக்கிறது, குறைவது கார்பன். மதுவிலோ வினிகரிலோ கார்பன் கொடுத்தால் பாக்டீரியா பெருகி நைட்ரேட்டைத் தின்னும், அந்தப் பாக்டீரியாவை ஸ்கிம்மர் நுரையோடு வாரி வெளியே தள்ளும். ஸ்கிம்மர் இல்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். தம்பி, உன்னைத்தான்.

2022இல் இதைப் படித்துவிட்டு டாஸ்மாக் வரிசையில் நின்றேன். வாழ்க்கையில் முதல் முறை. பின்னாலேயே பக்கத்துத் தெரு மாமா. மீனுக்கு மாமா என்றேன். “ஆமாம், சைட் டிஷ்ஷுக்கு மீன்தான் சரி” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். ஆரஞ்சு, ஆப்பிள் வாசனை போட்டது வேண்டாம், வெறும் வோட்காதான். நம் ஊரில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும்.

100 லிட்டருக்குத் தினம் 0.1 மில்லியில் தொடங்கி, முதல் வாரத்தில் 0.2, பிறகு வாரா வாரம் மெல்ல ஏற்ற வேண்டும். நான் ஒரு வாரம் 0.2 போட்டேன், நைட்ரேட் அசையவில்லை. பொறுமை போய் ஓர் இரவு 5 மில்லி ஊற்றினேன். என் தொட்டி, சம்ப்போடு (கீழே வைத்த வடிகட்டும் தொட்டி) சேர்த்து 250 லிட்டர். காலையில் தண்ணீர் கஞ்சித் தண்ணீர் போல வெளுத்திருந்தது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பாக்டீரியா ஒரே ராத்திரியில் பெருகி ஆக்சிஜனை உறிஞ்சிவிட்டது. ஏப்ரல் மாதம், தண்ணீர் 31 டிகிரி வேறு, சூடான உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ் மீன் போனது. அதன் விலையைச் சொன்னால் வீட்டில் இன்றும் பிரச்சினை.

அப்புறம் வினிகருக்கு மாறினேன். மளிகைக் கடை வெள்ளை வினிகர், நிறம் மணம் சேர்க்காதது. 5 சதவீத வினிகர் என்றால் வோட்காவின் எட்டு மடங்கு ஊற்ற வேண்டும். நம் கடைகளில் பெரும்பாலும் 4 சதவீதம், ஆகவே பத்து மடங்கு. லேபிளைப் படி. அளவு பெரிது என்பதால் கை தவறினாலும் சேதம் கம்மி, வரிசையில் நிற்க வேண்டாம், மாமா தொல்லையும் இல்லை. pH மட்டும் கொஞ்சம் இறங்கும், காலையில் லைட் போட்ட பிறகு ஊற்று.

22 ஏப்ரல் 2024

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. கார்பன் கொடுத்தால் நைட்ரேட் இறங்கும் வேகத்தில் பாஸ்பேட் இறங்காது. இதைப் பிறகு சொல்கிறேன், நான் பட்ட பாடு தனிக் கதை.

12 மே 2024

ஏப்ரல் 6 அன்று நான் எழுதியதில் ஒரு பெரிய தப்பு இருக்கிறது. தம்பி, மன்னித்துக்கொள்.

என் தொட்டி ஒரு வருடமாக 28க்குக் கீழே இறங்கவில்லை. அம்மாவின் சிட்டிகையை நிறுத்தியும் 28, 30 என்றே நின்றது. போன வாரம் வீட்டு ஆர்ஓ சர்வீஸ் ஆள் வந்தார். தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று அப்பா புகார் சொல்ல, அவர் பின்பக்கம் ஒரு சின்னத் திருகைத் திருகினார். என்ன அது என்றேன். “டிடிஎஸ் அட்ஜஸ்ட்டர் சார், டேஸ்ட்டுக்குக் கொஞ்சம் நார்மல் தண்ணி கலக்கும்.” டிடிஎஸ் என்றால் தண்ணீரில் கரைந்திருப்பதன் அளவு, நார்மல் தண்ணி என்றால் எங்கள் போர் தண்ணீர். மெம்ப்ரேனை (வடிகட்டும் சவ்வு) தொடாமல் பக்கவாட்டில் ஓடிவந்து கலக்கிறது. போன முறையே யாரோ பாதி திறந்து வைத்திருக்கிறார்கள்.

அந்த ‘சுத்தமான’ தண்ணீரை டெஸ்ட் செய்தேன். 20 பிபிஎம் நைட்ரேட். குடிநீருக்கு நம் நாட்டு வரம்பு 45, குடிப்பவருக்குக் கவலை இல்லை. ஆனால் நான் அதில்தான் உப்பு கரைக்கிறேன். 20 உள்ள தண்ணீரை எத்தனை வாளி மாற்றினாலும் தொட்டி 20க்குக் கீழே எப்படிப் போகும்? இன்னும் கேள். சில்லர் வாங்க வசதியில்லை, இரண்டு ஃபேன் வைத்துத்தான் குளிர்விக்கிறேன், மே மாதம் நாளைக்கு 5 லிட்டர் ஆவியாகிறது. தண்ணீர்தான் ஆவியாகும், நைட்ரேட் உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். குறைந்த 5 லிட்டரை அதே ஆர்ஓவில் நிரப்பினால் நாளைக்கு 100 மில்லிகிராம், 250 லிட்டருக்கு 0.4 பிபிஎம். மாதத்துக்கு 12. மீன் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் ஏறும்.

இப்போது தப்புக்கு வருகிறேன். மூன்று பங்கு ஆர்ஓ கலந்து அளக்கச் சொன்னேன் இல்லையா? அந்த ஆர்ஓவிலேயே நைட்ரேட் இருந்தால் விடை கெட்டுப்போகும். தம்பி, உன் வீட்டு ஆர்ஓவைத் தனியாக அளந்து சொல்.

13 மே 2024

அவன் வீட்டிலும் 20. போர் தண்ணீர், அதே மாதிரித் திருகு.

மறு கணக்கு. கலவையில் 40 வந்தது, நாலு பங்குக்கு 160. அதில் 60 ஆர்ஓ கொண்டுவந்தது. தொட்டியில் இருந்தது 100தான். வாரா வாரம் மாற்றும் தண்ணீரோடு 4 வருகிறது, மீதி 16 தீவனம். நாளைக்கு 0.8 கிராம் சொச்சம். அவன் எடை போட்டது 0.7. மேலே நிரப்பும் தண்ணீரையும் சேர்த்தால் கணக்கு கச்சிதமாக உட்காருகிறது. நான் 1.7 என்று சொல்லி அவனைத் தீவனப் பேய் ஆக்கியிருந்தேன்.

திருகை முழுக்க மூட முடிந்தால் மூடு, அல்லது மெம்ப்ரேனுக்கும் திருகுக்கும் நடுவே ஒரு ‘டி’ இணைப்பு போட்டுத் தனிக் குழாய் எடு. நான் அதைத்தான் செய்தேன். டிடிஎஸ் மீட்டர் 110இலிருந்து 9க்கு வந்தது. வீட்டார் குடிப்பது அவர்கள் ருசிப்படி.

14 மே 2024

ஏசி தண்ணீரைப் பிடித்து ஊற்றலாமா, டிடிஎஸ் குறைவுதானே என்று கேட்டவருக்கு: வேண்டாம். ஏசியின் சுருள் குழாயில் பெரும்பாலும் செம்பு இருக்கும், துளி செம்பு கலந்தாலும் இறால், நத்தை எல்லாம் போய்விடும். டிடிஎஸ் மீட்டர் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது.

30 ஜூன் 2024

லைவ் ராக் (கடலிலிருந்து எடுத்த, பாக்டீரியா வாழும் பவளக் கல்) நிறையப் போட்டால் நைட்ரேட் இறங்குமே, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்து தருகிறார் என்று ஒருவர். ஐயா, கல் பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மாட்டினால் தொட்டி இருக்காது, நீங்களும் கொஞ்ச நாள் வீட்டில் இருக்க மாட்டீர்கள். உலர்ந்த துளைக் கல் போட்டுப் பல மாதம் பொறுங்கள்.

பாசி நைட்ரேட்டை உறிஞ்சி வளரும், அந்த வழி சொல்கிறேன். முதலில் கௌலர்பா வளர்த்தேன், சம்ப்பில் கொடி போலப் படர்ந்தது, அழகு. ஒருநாள் காலை பச்சை முழுக்க வெளிறிக் கண்ணாடி மாதிரி நிற்கிறது, தண்ணீர் பச்சைப் பால். அது இனப்பெருக்கத்துக்குப் போனால் தன் உடம்பில் இருப்பதையெல்லாம் தண்ணீரில் விட்டுச் செத்துவிடும். ஆறு மாதம் சேர்த்து வைத்த நைட்ரேட்டை ஒரே நாளில் வட்டியோடு திருப்பித் தந்தது. இப்போது சீட்டோ என்ற பாசிதான். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் மாதிரியே இருக்கும், அம்மா ஒருமுறை எடுத்துத் தேய்க்கவே பார்த்தார். அதற்கு இந்தக் கிறுக்கு கிடையாது. செடிக்கான எல்இடி ஒன்று, தொட்டி லைட் அணைந்த பிறகு இரவு 8 முதல் காலை 6 வரை. பந்து பெருத்ததும் மூன்றில் ஒரு பங்கைப் பிய்த்து எடு. எடுத்து வெளியே போட்டால்தான் நைட்ரேட் வெளியே போனதாக அர்த்தம், வளர்த்துப் பார்த்து ரசித்தால் அது கிடங்கு மட்டும்தான்.

பிய்த்ததை எங்கே போடுவது? கறிவேப்பிலைத் தொட்டியில் போட்டு ஒரு கறிவேப்பிலையைக் கொன்றேன். இப்போது தென்னை அடியில். தென்னைக்கு உப்பு வைப்பது நம் ஊர்ப் பழக்கம்தானே, மாற்றிய தண்ணீரும் அதற்கே.

18 ஆகஸ்ட் 2024

என்னுடையது 12. தம்பியுடையது 35. ஸ்கிம்மர் வாங்கலாமா என்கிறான். வாங்கு. கழிவு நைட்ரேட் ஆவதற்கு முன்னாலேயே வெளியே எடுப்பதுதான் அதன் வேலை. கோப்பையில் டீத்தூள் நிறத்தில் சேரும், முகர்ந்து பார்த்துவிடாதே.

இன்னொருவர் தன் தொட்டியில் நைட்ரேட் பூஜ்யம் என்று படம் போட்டிருக்கிறார். வாழ்த்து, ஆனால் பொறாமை இல்லை. வினிகர் காலத்தில் நானும் பூஜ்யம் பார்த்தேன். ஏப்ரலில் பிறகு சொல்கிறேன் என்றது இதைத்தான். கடல் உயிரினங்கள் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் ஏறக்குறைய 16க்கு 1 என்ற அணுக்கணக்கில் எடுக்கும், நாம் அளக்கும் நைட்ரேட், பாஸ்பேட் எடையில் பத்துக்கு ஒன்று சொச்சம். என்னிடம் நைட்ரேட் தீர்ந்துபோனது, பாஸ்பேட் 0.2 மிச்சம் நின்றது. இரண்டு வாரத்தில் மணல் மேல் மூக்குச்சளி மாதிரி பழுப்பு நூல், நுனியில் நுனியில் காற்றுக் குமிழி. டைனோஃப்ளாஜெல்லேட் என்ற ஒரு செல் உயிரி. உறிஞ்சி எடுத்தால் மறுநாள் மறுபடி. கடைசியில் வினிகரை நிறுத்தி, தீவனத்தைக் கூட்டி, நைட்ரேட்டை 5க்கு ஏற்றிய பிறகுதான் மெல்ல விட்டது. இறக்கப் படாத பாடு பட்டதை ஏற்றவும் பட்டேன்.

9 அக்டோபர் 2024

கோவளத்தில் கடல் தண்ணீர் பிடித்து வருகிறேன், செலவு மிச்சம் என்கிறவருக்கு: திறந்த கடல் மேல் தண்ணீரில் நைட்ரேட் இல்லை என்றே சொல்லலாம், அந்த வகையில் நல்லதுதான். ஆனால் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் கரையோரம் உப்பு இறங்கிவிடும், முகத்துவாரம் பக்கம் என்றால் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்துவரும். ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு காட்டும் கருவி) 35 இருக்கிறதா என்று ஒவ்வொரு கேனும் பாருங்கள். மழை முடியும் வரை தொட்டிக்கான உப்புப் பாக்கெட்டே மேல்.

21 நவம்பர் 2024

தம்பி 15க்கு வந்துவிட்டான். ஸ்கிம்மர், தனி ஆர்ஓ குழாய், தீவனம் 0.3 கிராம். பாட்டில் எதுவும் வாங்கவில்லை. இன்னும் இறக்க வேண்டுமா என்கிறான், மீன் மட்டும்தான் என்றால் அப்படியே விடு.

அம்மாவைக் கேட்டவர்களுக்கு: தாத்தாவுக்கு வாங்கிய ஏழு நாள் மாத்திரை டப்பா ஒன்று சும்மா கிடந்தது. ஞாயிறு இரவு ஒவ்வொரு கட்டத்திலும் 0.4 கிராம் எடை போட்டு நிரப்பி வைக்கிறேன். தீவன டப்பா என் பீரோவில். நாளைக்கு ஒரு கட்டம்தான், நீங்களே போடுங்கள் என்று கொடுத்துவிட்டேன், அவருக்கும் சந்தோஷம்.

இன்று வியாழன். சனிக்கிழமைக் கட்டம் வரை காலியாக இருக்கிறது.